ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்களாகியிருந்தன. ஓர் இரவு பத்து மணிக்குப் பின்னர் எனது தொலைபேசி ஒலித்தது. அந்நேரத்து அழைப்பு மவுத்துச் செய்தியாக இருக்குமோ என்ற பயத்தோடுதான் எடுத்தேன். மறுமுனையில் மிகத் தணிந்த குரலில் ஒரு பெண் பேசினாள்.

"சேர், தூக்கத்த கெடுத்துட்டேனா? இங்க இப்பதான் வேல முடிஞ்சிச்சு."

அவள் ஹட்டனுக்கு அண்மித்த தோட்டமொன்றைச் சேர்ந்தவள். முப்பது வயதைத் தாண்டியவள். கொழும்பில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறாள். ஆறு வயது மகன் தோட்டத்து லயத்தில் பாட்டியோடு இருக்கிறான். கணவனைப் பற்றி அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

"காசு கொறஞ்ச படிப்பு எங்கயாச்சும் இருக்கா சேர்? ஓ.எல். சோதனையில எனக்குக் கணக்கு மட்டுந்தான் வுட்டுப்போச்சு. முன்பள்ளி டீச்சரா வரணும்னு ஆச. தோட்டத்துப் பக்கமே ஒரு வேல கெடச்சா புள்ளயோட இருக்கலாம்."

முப்பத்து மூன்று வருடங்கள் ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இது எனக்கு விடை தெரிந்த கேள்வி என்றே நினைத்தேன். ஒரு வாரம் அங்குமிங்கும் விசாரித்து ஒரு பட்டியல் தயாரித்தேன். சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதிலும் தோற்றலாம். பாடசாலையைப் பாதியில் விட்டவர்களுக்கென்று தேசிய கல்வி நிறுவகம் திறந்த பாடசாலையை நடத்துகிறது. 1980இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முன்பள்ளிக் கல்வியில் பாடநெறி நடத்துகிறது. சமையல், வீட்டுப் பராமரிப்பு போன்ற வேலைகளில் அனுபவம் உள்ளவர்கள் அந்த அனுபவத்தையே பரீட்சித்துக் காட்டித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெறவும் வழியிருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் மலைநாட்டிலும் உண்டு. கட்டணங்களையும் கூட்டிப் பார்த்தேன். பெரிய தொகையல்ல. மாதாமாதம் சிறிது சேமித்தால் அவளால் கட்டிவிட முடியும்.

மறுபடியும் ஓர் இரவு பத்து மணிக்கு அவள் அழைத்தபோது, பெருமையோடு அனைத்தையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"இதுக்கெல்லாம் ஞாயித்துக்கெழம வேணுமே சேர்."

நான் ஒரு வாரமாகக் கட்டணத்தைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு எட்டாமலிருந்தது கட்டணம் அல்ல. தீபாவளிக்குச் சில நாட்கள், பொங்கலுக்குச் சில நாட்கள் என்ற இரண்டு விடுமுறைகளைத் தவிர அந்த வீட்டில் அவளுக்கு ஓய்வு நாள் என்று ஒன்றில்லை. இலவசமாகவே கற்பித்தாலும் அவளால் போக முடியாது.

இவ்விடத்தில் ஓர் உண்மையைக் கூறியாக வேண்டும். அவளை அந்த வீட்டில் சேர்த்துவிட்டவன் நானே. வீட்டுக்காரர் எனது நீண்டகால நண்பர். நமது இலக்கியக் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர். நல்ல வாசகர். ஸகாத்தைக் கணக்குப் பார்த்து ஒரு சதமும் குறையாமல் கொடுப்பவர். "நல்ல இடம் புள்ள, பயப்படாம போ" என்று அவளிடம் நான்தான் சொன்னேன். அது பொய்யல்ல. அங்கே அவளை எவரும் கைநீட்டுவதில்லை. சம்பளம் தவறுவதில்லை. வீட்டார் உண்பதையே அவளும் உண்கிறாள்.

நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

"மாஷா அல்லாஹ்! நல்ல காரியம் மாஸ்டர். எவ்வளவு முடியும்? பீஸ் முழுக்க நானே கட்டுறன். புத்தகமும் வாங்கிக் குடுக்கிறன்."

"பீஸ் அவள் கட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஞாயிறு கொஞ்சம் கஷ்டம் மாஸ்டர். புள்ளைகள் எல்லாம் வீட்டில நிக்கிற நாள். சொந்தக்காரர் வாற நாள். அண்டைக்குத்தானே அவட தேவை கூட."

அந்த உரையாடலுக்குப் பின்னர் பல இரவுகள் நான் ஒரே கேள்வியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். காசு கொடுக்கச் சந்தோஷமாகச் சம்மதிக்கும் ஒரு நல்ல மனிதருக்கு, நேரம் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

காசு கொடுக்கும்போது நாம் கொடுப்பவர்களாகவே இருக்கிறோம். அது ஸதகா. அதற்கு நன்மை எழுதப்படும் என்று நம்புகிறோம். பெறுபவளின் கண்களில் நன்றியும் தெரியும். நேரம் அப்படியல்ல. ஞாயிற்றுக்கிழமையை அவளுக்குக் கொடுப்பதென்றால், அது முதலிலேயே அவளுடையது என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். அப்படியானால் கழிந்துபோன ஞாயிற்றுக்கிழமைகள் யாருடையவை என்ற கேள்வி எழும். தர்மம் கொடுப்பவனுக்கு இருக்கும் நிம்மதி கடன் திருப்புகிறவனுக்கு இல்லை. எனவேதான் கடனைத் தர்மமாக மாற்றிக்கொள்ள நாம் எல்லோரும் விரும்புகிறோம் என்பது எனது அபிப்பிராயம்.

நண்பரைக் குறை கூறுவதற்காக நான் இதை எழுதவில்லை. எனது கணக்கு அவருடையதைவிடப் பழையது.

எனது வாப்பா ஹட்டன் பஸாரில் சிறியதொரு புடவைக்கடை வைத்திருந்தார். 1974ஆம் ஆண்டு. அரிசிக்கும் மாவுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு. தோட்டங்களில் பசியால் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. வேலை நாட்கள் குறைந்து, பெரட்டுக்களத்தில் பேர் கிடைக்காமல் திரும்பியவர்கள் ஹட்டன் தெருவில் கையேந்தி நின்றதை நான் கண்டிருக்கிறேன். அப்படியொரு நாளில் ஒரு தாய் பதினொரு வயது மகளைக் கடைக்கு அழைத்து வந்தாள். "மூணு வேள சோறு போட்டாப் போதும் மொதலாளி" என்றாள். சம்பளம் பற்றிப் பேச்சே எழவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுவாள். கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியால் எனது வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைப்பாள். இரவில் நான் படிக்கும்போது குசினி வாசற்படியில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஓர் இரவு, சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டைக் கொண்டுவந்து, "தம்பி, இது என்ன எழுத்து?" என்று கேட்டாள். அது 'அ'.

நாளுக்கு ஓர் எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். விளையாட்டாகத்தான். விறகுக் கரியால் குசினித் தரையில் எழுதிப் பார்த்து, பிறகு அவளே கழுவிவிடுவாள். 'ஐ' வரைக்கும் வந்தோம். பரீட்சை நெருங்கியது. "இனி அவளோட மினக்கெட வேணாம், சோதின முடியட்டும்" என்றார் உம்மா. பரீட்சை முடிந்தது. நான் சித்தியடைந்தேன். அயல் வீடுகளுக்குப் பலகாரத் தட்டை அவளே சுமந்து சென்றாள். 'ஒ' என்ற எழுத்துக்கு நாங்கள் திரும்பவேயில்லை. ஏழு வருடங்கள் எங்கள் வீட்டில் இருந்தாள்.

இரவில் என்னோடு தொலைபேசியில் பேசியவள் அவளுடைய மகள்.

சென்ற நூற்றாண்டில் நமது நாடு அடைந்த பெரும் பேறுகளில் ஒன்று 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி. சாதாரண புடவைக் கடைக்காரரின் மகனாகிய நான் ஆசிரியனானது அதனாலேயே. ஆனால், தோட்டப் பாடசாலைகள் அந்த ஒழுங்குக்கு வெளியே, தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே நெடுங்காலம் கிடந்தன. ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் படிப்பு. கொழுந்து பறிக்க அதற்கு மேல் எழுத்தறிவு எதற்கு என்பதே துரைமாரின் எண்ணமாக இருந்தது. 1977ஆம் ஆண்டு முதற்கொண்டுதான் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியிருந்தது என்பதையும், எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருடங்களாகியும் 'வந்தவர்கள்' என்ற பெயர் அவர்களை விட்டுப் போகவில்லை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்து வந்தது அந்த நினைவோடுதான்.

ஆகவே 1974இல் எங்கள் குசினிக்குள் வந்த பிள்ளைக்கும், புத்தகத்தோடு மேசையில் இருந்த எனக்கும் இடையில் இருந்தது ஐந்தாறு அடித் தூரமே என்றாலும், அதற்குள் இந்த வரலாறு முழுவதும் இருந்தது. அவளுக்குப் பாடசாலை மூடப்பட்டிருந்ததற்கு என் உம்மா காரணமல்ல. ஆனால், அது மூடப்பட்டிருந்ததால்தான் அவள் எங்களுக்குக் கிடைத்தாள். நான் படித்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் அடியில் அவள் வேலை செய்த ஒரு மணித்தியாலம் இருக்கிறது. இதனை இன்றைக்கு வார்த்தையில் சொல்ல முடிகிறது. சொல்வதற்கு எனக்கு ஐம்பது வருடங்கள் எடுத்திருக்கின்றன.

இன்னொன்றையும் நான் பிற்காலத்திலேயே விளங்கிக்கொண்டேன். வாப்பாவின் கடையில் ஒரு பையன் வேலைக்கு இருந்தான். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலேயே வந்துவிட்டபடியால் அவனுக்கு வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை சட்டப்படி உரியது. தொழில் பரிசோதகர் வருவார் என்ற பயத்தில் வாப்பா அதை ஒழுங்காகக் கொடுத்தார். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. நடுவில் ஒரு கதவு. கதவுக்கு இந்தப்புறம் வேலை செய்த பையனுக்குச் சட்டம் இருந்தது, அந்தப்புறம் வேலை செய்த பிள்ளைக்கு இல்லை. வீட்டுப் பணியாளரைப் பற்றி 1871இலேயே ஆங்கிலேயர் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றினர் என்பது உண்மை. ஆனால், அவர்களைப் பதிவுசெய்து கண்காணிப்பதற்காக வந்த சட்டம் அது. அவர்களுக்கு ஓய்வு கொடுப்பதற்காக வந்ததல்ல.

நமது பக்கத்து நியாயங்களையும் பார்ப்போம். அவை வெறும் சாக்குகள் என்று ஒதுக்கிவிட முடியாதவை.

முதலாவது நியாயம், "லயத்தில் பட்டினி கிடப்பதைவிட நம் வீட்டில் வயிறாரச் சாப்பிடுகிறாளே" என்பது. 1974இல் இது முற்றிலும் உண்மை. எங்கள் வீட்டுச் சோறு அவளை உயிரோடு வைத்திருந்திருக்கலாம். ஆனால், ஒருவரைப் பசியிலிருந்து காப்பாற்றியது அவருடைய மீதி வாழ்நாளுக்கு உரிமை கொண்டாடும் பத்திரமாகிவிடாது. வெள்ளத்தில் போனவனைக் கரைசேர்த்தவன், அதற்காக அவனைத் தன் வயலில் ஏழு வருடம் உழச் சொன்னால் அதை உதவி என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவது நியாயம் கனமானது. நண்பரின் மனைவி ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறார். மருமகள் வைத்தியர். "அவள் இல்லாவிட்டால் இவர்கள் எப்படி வேலைக்குப் போவது?" என்று அவர் கேட்டார். கடந்த நாற்பது வருடங்களில் முஸ்லிம் பெண்கள் ஆசிரியைகளாகவும் வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வெளியே வந்திருக்கிறார்கள். கண்டியில் சித்திலெவ்வை பெண்கல்விக்காகக் குரல் கொடுத்து, பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிறது. அந்த விதை இன்று மரமாகியிருப்பதில் நாம் பெருமைப்படுகிறோம். ஆனால், அப்பெண்கள் விரிவுரை மண்டபத்தில் இருந்த நேரம் வீட்டில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தவள் யார்? பல வீடுகளில் அவள் ஒரு தோட்டத்துப் பிள்ளை. நமது பெண்கல்வியின் வரலாற்றை எழுதியவர்கள் இந்தப் பக்கத்தை எழுதவில்லை. நமது பெண்கள் திரும்பவும் அடுப்படிக்குப் போகவேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. ஒரு பெண்ணின் கல்வி இன்னொரு பெண்ணின் கல்லாமையில் கட்டப்பட்டிருந்தால், முன்னவளுக்கு மட்டுமன்றி அவள் வீட்டு ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கடனில் பங்குண்டு என்றே சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஆண்கள் பீங்கான் கழுவினால் யாருடைய பட்டமும் பறிபோய்விடாது.

மூன்றாவது நியாயத்தைப் பலர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. நண்பர் மனம் திறந்து சொன்னார்: "படிச்சா போயிடுவா மாஸ்டர்." இதைக் கேட்டதும் எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. மாறாக, அவரது நேர்மை என்னைத் தொட்டது. ஏனென்றால் இது ஒரு நியாயமல்ல, ஒரு வாக்குமூலம். போவதற்கு வழியிருந்தால் போய்விடுவாள் என்று நமக்கே தெரிகிறது. அப்படியானால் அவள் நம்மோடு இருப்பது நமது நல்ல குணத்தினால் அல்ல.

எல்லா வீடுகளும் நல்ல வீடுகளாக இருப்பதில்லை என்பதை நாடறியும். 2021 ஜூலையில், டயகமத்தைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, கொழும்பில் தான் வேலை செய்த வீட்டில் தீக்காயங்களுக்கு உள்ளாகி வைத்தியசாலையில் மரணமானாள். அது நமது சமூகத்து அரசியல்வாதி ஒருவரின் வீடு. யார் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது நீதிமன்றத்தின் வேலை. நான் கேட்பது வேறு. பாடசாலையில் இருந்திருக்க வேண்டிய வயதில் ஒரு பிள்ளை எப்படி அந்த வீட்டில் இருந்தாள்? கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 2016இலேயே பதினாறாக உயர்த்தப்பட்டிருந்தது. வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 ஆரம்பத்தில் பதினாறாக்கப்பட்டது. சட்டம் வாசல் வரை வந்தது. உள்ளே வரவில்லை. அந்நாட்களில் நம்மில் பலர் நமது அரசியல் காயங்களைப் பற்றியே பேசினோம். காயங்கள் மெய்தான். ஆனால், அந்தப் பிள்ளைக்காக நாம் தனியே நின்று அழுதோமா?

அழ நமக்குத் தெரியாது என்றில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி மூதூர்ப் பிள்ளை சவூதியில் சிரச்சேதம் செய்யப்பட்டபோது நாம் எல்லோரும் அழுதோம். கூரைக்கும் சோற்றுக்கும் தம்பி தங்கைகளின் படிப்புக்கும் என்று, வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டோடு 2005இல் அனுப்பப்பட்டவள் அவள். அவளுடைய பாஷை அந்த வீட்டில் எவருக்கும் விளங்கவில்லை. அப்போது நாம் அந்நாட்டு எசமானர்களைப் பற்றி என்னென்ன சொன்னோம் என்பதை நினைவுபடுத்திப் பார்ப்போம். "நம் பிள்ளைக்கு ஓய்வு நாள் இருந்ததா? வெளியே போக விட்டார்களா? பேச ஒருவர் இருந்தாரா?" அதே கேள்விகளை நமது குசினிக் கதவைத் தட்டிக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்? அந்நிய நாட்டில் நமது பிள்ளை பணிப்பெண். நமது வீட்டில் மலைநாட்டுப் பிள்ளை பணிப்பெண். எசமானாக நிற்கும் இடத்தில் மட்டும் நமக்கு வேறொரு அறம் இருக்க முடியாது.

நமது மார்க்க வரலாற்றிலிருந்து ஓர் உதாரணத்தை மட்டும் தொட்டுக்காட்டுகிறேன். அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களைப் பத்து வயதில் அவரது தாயார் பணிவிடைக்கென நபிகளாரிடம் ஒப்படைத்தார். பத்து வருடங்கள் அவர் அந்த வீட்டின் ஊழியர். அவரைச் 'சீ' என்றுகூட நபிகளார் சொன்னதில்லை என்பதை எல்லாக் குத்பாக்களிலும் கேட்கிறோம். ஆனால், அந்தப் பணியாள் பிற்காலத்தில் யாரானார் என்பதை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர், பஸராவில் ஒரு தலைமுறைக்கே ஆசான். இது எப்படி நிகழ்ந்தது? அறிவு பேசப்பட்ட அறையிலிருந்து அவரை எவரும் வெளியே அனுப்பவில்லை என்பதே எனக்குத் தெரிந்த விடை. நமது வீடுகளில் இலக்கியம் பேசுகிறோம். தேத்தண்ணீர் வருகிறது. கொண்டுவந்தவள் கோப்பைகளை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்புகிறாள். அவள் நின்று கேட்டால் நமக்கே ஒரு மாதிரியாக இருக்கும்.

உலகம் இதுபற்றிச் சிந்திக்காமலில்லை. வீட்டுப் பணியாளர் குறித்துச் சர்வதேச தொழில் அமைப்பு 2011இல் ஏற்றுக்கொண்ட 189ஆம் இலக்கச் சமவாயம், பதினெட்டு வயதுக்குட்பட்ட பணியாளரின் வேலை அவர்களது மேற்கல்விக்கோ தொழிற்பயிற்சிக்கோ குறுக்கே நிற்கக்கூடாது என்கிறது. வாரத்துக்குத் தொடர்ச்சியாக இருபத்து நான்கு மணித்தியால ஓய்வும் வேண்டும் என்கிறது. ஹொங்கொங்கில் ஏழு நாட்களில் ஒரு நாள் ஓய்வு சட்டமாக இருப்பதனால்தான், அங்கே வீட்டு வேலை செய்யும் இந்தோனேசியப் பெண்கள் தமது நாட்டுத் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிக்க முடிகிறது. சிங்கப்பூரின் அனுபவம் இன்னும் கவனிக்கத்தக்கது. அங்கே 2013 முதல் வாராந்த ஓய்வு நாள் உரிமையாக்கப்பட்டது. ஆனால், பணியாளர் சம்மதித்தால் எசமான் பணம் கொடுத்து அந்நாளை ஈடுசெய்துகொள்ளலாம் என்றும் இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. 2023 ஜனவரியிலிருந்து, மாதத்தில் ஒரு நாளையாவது எந்த விலைக்கும் வாங்க முடியாது என்று சட்டத்தைத் திருத்தினார்கள். சில பொருட்களுக்கு விலை இருக்கவே கூடாது என்பதை ஒரு வியாபார நகரம் கற்றுக்கொண்டிருக்கிறது.

இத்தனையும் யோசித்த பின்னர் ஒரு நாள் அந்தத் தாயைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். அவளுக்கு இப்போது அறுபதுக்கு மேல். கொழுந்து மலையில் நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. பேரன் இஸ்தோப்பில் இருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். இஞ்சி போட்ட சாயம் தந்தாள். எனக்குச் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். 'ஐ' வரைக்கும்தான் சொல்லித் தந்தேன், மீதியைச் சொல்லித் தராமல் விட்டுவிட்டேன் என்றேன். பேசும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

அவள் சிரித்துவிட்டாள்.

"அட தம்பி, அத இன்னமுமா நெனச்சுக்கிட்டிருக்கீங்க? நான் பேய்ரூட்ல இருந்தப்ப படிச்சிட்டேன்."

மகளுக்கு நான்கு வயதானபோது அவள் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனவள் என்பது எனக்குத் தெரியும். தெரியாதது இதுதான். அடுத்த மாடி வீட்டில் மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம் ராத்தா ஒருவர் வேலை செய்தாராம். இருவருக்கும் வெளியே போக அனுமதியில்லை. துணி காயப்போடும் நேரம் இரு பல்கனிகளிலும் நின்று பேசிக்கொள்வார்களாம். ஊரிலிருந்து வரும் கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் இவள் அழுததைக் கண்டு, அந்த ராத்தா நாளுக்கு ஓர் எழுத்தாகக் கடதாசியில் எழுதிக் கிளிப்போடு கொடியில் மாட்டி அனுப்பினாராம். "ஒ-வுலருந்து சொல்லிக் குடுங்க ராத்தா, அதுக்கு முன்னாடி எங்க தம்பி சொல்லித் தந்துட்டாருன்னு சொன்னேன்" என்றாள்.

நான் தலைகுனிந்து இருந்தேன். எனது அரைகுறைப் பாடத்தையும் அவள் கணக்கில் வரவாகவே வைத்திருக்கிறாள். நேரமே இல்லாத இருவர், துணி காயும் நேரத்தைத் திருடி, ஒருவருக்கொருவர் கல்வி கொடுத்திருக்கிறார்கள். நேரம் நிறைய இருந்த எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. கற்கும் ஆசையையும் கற்பிக்கும் மனதையும் நாம்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள்ளும் எங்கோ இருந்தது. அது அன்றோடு போயிற்று. அவர்களிடம் இரண்டும் உண்டு. நம்மிடம் இருப்பது கதவின் திறப்பு மட்டுமே.

ஆகவே நான் வந்துசேர்ந்த முடிவு இதுதான். வீட்டுப் பணியாளரின் கல்வி நாம் செய்யும் தர்மமல்ல. அவர்களது நேரத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுப்பதே நம்மீதுள்ள கடமை. அந்த நேரத்தில் அவர்கள் படிக்கலாம். படிக்காமலும் விடலாம். "ஞாயிறு தருகிறேன், ஆனால் படிக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டால், நாம் மறுபடியும் எசமானர்களாகிவிடுகிறோம். கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் அந்தக் காசை எப்படிச் செலவழிப்பாய் என்று கேட்பதில்லை.

எங்கள் வீட்டிலும் காலையில் வந்து வேலை செய்துவிட்டுப் போகும் பெண் ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரவேண்டாம், சம்பளம் குறையாது என்று சொன்னோம். அவர் முதலில் பயந்தார். வேலையிலிருந்து நிறுத்துகிறோம் என்று நினைத்திருக்கிறார். விளங்கப்படுத்த நேரமெடுத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை பீங்கான் கோப்பைகளையும் சட்டிகளையும் நானே கழுவினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை எனக்கு அப்போதுதான் கைகளில் தெரிந்தது. அந்த நாளில் அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதில்லை.

நண்பர் பிறகு இறங்கிவந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்று சம்மதித்தார். முதல் மாதம் இரண்டும் கிடைத்தன. இரண்டாம் மாதம் ஒரு கல்யாணம் வந்து ஒன்று போயிற்று. மூன்றாம் மாதம் விருந்தாளிகள். அவரது நல்ல மனம் மாறிவிடவில்லை. ஆனால், ஒருவரின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் உரிமை இப்படித்தான் ஆகும். அதனால் ஒரு பக்கக் கடிதமொன்று எழுதி அனுப்பினேன். சம்பளம் இவ்வளவு, வேலை நேரம் இவ்வளவு, வாரத்தில் ஒரு நாள் அவளுடையது. கீழே இருவரும் கையொப்பமிட இடம். "நமக்குள்ள என்னத்துக்கு மாஸ்டர் கடுதாசி?" என்று சிரித்தார். கடிதம் இன்னும் அவரது மேசையில் இருக்கிறது.

அவள் கணக்குப் பாடத்துக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்திருக்கிறாள். இரவு பத்து மணிக்கு மேல் தொலைபேசியில் பின்னங்களும் சதவீதமும் சொல்லிக்கொடுக்கிறேன். சில இரவுகளில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தூங்கிவிடுகிறாள்.

நண்பர் இச்சஞ்சிகையைத் தவறாமல் வாசிப்பவர். இதையும் வாசிப்பார். மேசையில் பேனாவும் இருக்கும்.